முற்றத்துக்கும் சேர்த்து வரி போட்டிருக்கிறார்களா?

கேள்வி: கும்பகோணத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீடு எங்களுடையது. அகலம் 18 அடி, நீளம் 72 அடி, நடுவில் முற்றம். மாநகராட்சிப் பதிவில் 1,296 சதுர அடி என்று இருக்கிறது. சொத்து வரியைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும் என்றே தோன்றுகிறது. 18-ஐ 72-ஆல் பெருக்கினால் அச்சாக 1,296 வருகிறது. அதாவது வாசலிலிருந்து கொல்லை வரை நாடா பிடித்துப் பெருக்கிவிட்டார்கள்; முற்றத்தைக் கழிக்கவில்லை. வானம் பார்த்த இடம் கட்டடப் பரப்பில் சேராது. முற்றம் 12-க்கு 10 என்றால் 120 சதுர அடி போக மிச்சம் 1,176.

இந்த 120 அடி சின்ன விஷயமில்லை. 2022 ஏப்ரல் சீராய்வில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று வரி உயர்ந்தது. நீங்கள் 50-இல் இருக்க வேண்டியவர், 75-இல் மாட்டியிருக்கிறீர்கள். அடுத்தடுத்த உயர்வுகளும் அந்தத் தவறின் மேல்தான் ஏறும்.

மனு போடுமுன் நீங்களே அளந்துவிடுங்கள். பலர் தோற்பது இங்கேதான்: அறைகளை உள்ளளவாக அளந்து கூட்டுகிறார்கள். கட்டடப் பரப்பு என்பது சுவரின் கனமும் சேர்ந்தது. பழைய வீட்டில் ஒன்றரை அடிச் சுவர் சாதாரணம். அதை விட்டுவிட்டால் உங்கள் கணக்கே பொய்யாகிவிடும். வெளிச்சுவர் விளிம்பிலிருந்து அளங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால் பாதிக் கனம். திண்ணை, ரேழி, கூடம், தாழ்வாரம் எல்லாம் கூரைக்குக் கீழ் வருபவை, அவற்றைக் கழிக்க முடியாது. முற்றத்தில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டு மூடியிருந்தால் இந்த வாதமே எடுபடாது. கணக்கில் வராத மாடி அறை இருந்தாலும் யோசித்துக்கொள்ளுங்கள். மறு அளவையில் அதுவும் ஏறும்.

முன்பு திண்ணையில் கடை இருந்ததா? வரிப் பதிவில் இன்னும் வணிகப் பயன்பாடு என்று கிடக்கலாம். அதை மாற்றக் கேட்பதற்கு முன், மின் இணைப்பை வணிகக் கட்டணத்திலிருந்து வீட்டுக் கட்டணத்துக்கு மாற்றிவிடுங்கள். மின் கட்டண அட்டைதான் முதலில் பார்க்கப்படும்.

மனு ஆணையர் பெயருக்கு, ஒரே பக்கம் போதும். வரிவிதிப்பு எண், பதிவிலுள்ள பரப்பு, சரியான பரப்பு, வித்தியாசத்துக்குக் காரணம். கூடவே அடி அங்குலம் குறித்த கைவரைபடம், முற்றத்தின் குறுக்கே நாடா பிடித்த படம், பத்திர நகல், கடைசி ரசீது. தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். புதிதாக அறிவிப்பு வந்திருந்தால் அதிலுள்ள கெடுவுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

தீர்ப்பு வரட்டும் என்று வரியை நிறுத்தாதீர்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. அரையாண்டின் முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை கிடைக்கும். அதிகமாகக் கட்டியதைப் பின்வரும் வரியில் ஈடுகட்டும்படி மனுவிலேயே கேளுங்கள்.

ஆய்வுக்கு வரும்போது வீட்டில் இருந்து, முற்றத்தைத் தனியாக அளக்கச் செய்யுங்கள். மனுவை மறுத்தால் எழுத்துபூர்வமான உத்தரவு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம். ஏற்றால், அடுத்த அரையாண்டுக்குக் கேட்கும் வரிக் கணக்கில் 1,176 என்று மாறியிருக்கிறதா என இணையத்தில் பாருங்கள். மாறாவிட்டால் உத்தரவு நகலோடு வருவாய்ப் பிரிவுக்குப் போய், கணினியில் திருத்தும் வரை கூடவே நில்லுங்கள்.