சர்வாதிகார நாடுகள் பரப்பும் பொய்ச் செய்திகளை ஜனநாயக நாடுகள் தடை போடாமல் எப்படிச் சமாளிக்கின்றன?

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் எங்கள் மாடி வரை தண்ணீர். அப்போது வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, பக்கத்து வீட்டு அக்கா படியில் கால் வைக்கவே பயந்தார். பண்ணைக்காரர்கள் உடனே மறுத்தார்கள். ஆனால் மறுப்பு வந்து சேர்வதற்குள் பொய் ஊரையே சுற்றிவிட்டது.

இதையே ஒரு அரசு திட்டமிட்டுச் செய்தால்? 2016 ஜனவரியில் பெர்லினில் 13 வயதுச் சிறுமியை அகதிகள் கடத்தினார்கள் என்று ரஷ்ய அரசுத் தொலைக்காட்சி பரப்பியது, ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவே அதைப் பற்றிப் பேசினார், மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கடைசியில் போலீஸ் அவளுடைய போனை ஆராய்ந்தபோது அன்று இரவு தெரிந்த பையன் வீட்டில் இருந்தாள் என்று தெரிந்தது.

தடை போடாமல் இதைச் சமாளிக்க முதலில் வேகம் வேண்டும். தைவான் அமைச்சகங்கள் வதந்திக்குச் சில மணி நேரத்திலேயே, மக்கள் பகிரும்படி சின்னதாக, சிரிப்பு வரும் படத்தோடு பதில் போட்டன. பிரான்ஸ் 2021இல் விஜினம் என்ற அமைப்பைத் தொடங்கியது. வெளிநாடுகள் இணையத்தில் திட்டமிட்டுப் பரப்பும் பொய்ப் பிரச்சாரத்தைக் கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. பின்லாந்தில் பள்ளியிலேயே செய்தியைச் சோதிக்கக் கற்றுத்தருகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வீடன் செய்தது. 2018இல் வீடு வீடாக அனுப்பிய கையேட்டில், நம்மைத் தாக்கினால் சரணடைய மாட்டோம், எதிர்ப்பை நிறுத்தச் சொல்லி வரும் எந்தத் தகவலும் பொய் என்று எழுதியிருந்தார்கள். அதாவது பொய் வருவதற்கு முன்பே மறுப்பு வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்படி ஒரு துண்டுச்சீட்டு அன்று எங்கள் தெருவிலும் இருந்திருந்தால் அந்த அக்கா தைரியமாகப் படி இறங்கியிருப்பார்.