காய்ச்சல் விட்டும் சோர்வு விடாதது ஏன்?

கேள்வி: மகனுக்கு டெங்கு மாறிவிட்டது, இரத்தப் பரிசோதனையும் சரி என்கிறார்கள். ஆனாலும் வயலுக்குப் போனால் கொஞ்ச நேரத்திலேயே வரம்பில் குந்திவிடுகிறான். சோம்பலா டொக்டர்? (ஒரு தாய், பரந்தன்)

பதில்: சோம்பல் இல்லை அம்மா, தயவுசெய்து அவனை ஏசாதீர்கள். வைரசுக்குச் சொந்தமாகச் சக்தி உண்டாக்க முடியாது, எல்லாவற்றையும் நம் கலத்திடமிருந்துதான் பறிக்கிறது. கலத்துக்குப் பெரும்பாலான சக்தியைத் தருவது அதற்குள்ளே இருக்கும் இழைமணி என்ற நுண்ணிய உறுப்பு, பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். அதன் உதவியோடு ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி (கலம் செலவழிக்கும் சக்தி மூலக்கூறு) கிடைக்கும், அது இல்லாவிட்டால் வெறும் 2 தான். டெங்கு வைரஸ் தொற்றிய கலத்தில் இழைமணிகளின் வடிவத்தையே மாற்றுகிறது, சேமித்து வைத்த கொழுப்பை எரிக்கவைத்து அந்தச் சக்தியில் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அதோடு காய்ச்சல் 1 பாகை செல்சியஸ் ஏறினாலே உடலின் சக்திச் செலவு சுமார் 10 வீதம் கூடும், நோயெதிர்ப்புக் கலங்களுக்கும் தீனி வேண்டும், சாப்பாடும் இறங்காது, தசையும் வற்றும். வைரஸ் போன பிறகும் இதெல்லாம் ஈடாகச் சில வாரங்கள் எடுக்கலாம்.

வெயில் ஏறமுன் கொஞ்சம் வேலை, அப்புறம் ஓய்வு. முட்டை, பருப்பு, குளத்து மீன் கொடுங்கள். மாதம் தாண்டியும் இப்படியென்றால், அல்லது மூச்சு வாங்கினால், உடனே கிளிநொச்சி வைத்தியசாலையில் காட்டுங்கள்.