தனிமனிதர் வாழ்க்கை முறையை மாற்றுவதால் சுற்றுச்சூழலுக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் எதை மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. துணிப்பை, மூங்கில் பிரஷ் அளவுக்கு நீங்கள் ஏற்கெனவே வந்திருப்பீர்கள். அவற்றை நான் குறை சொல்லவில்லை. வீட்டு ஏசிக்குள் இருக்கும் கேஸைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பல ஏசிகளில் குளிரூட்டப் பயன்படும் ஆர்-410ஏ என்ற கேஸ் 1 கிலோ காற்றில் கலந்தால், 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 2 டன் கரியமில வாயு விட்டதற்குச் சமம். கிட்டத்தட்ட 900 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. ஒரு சாதாரண ஸ்பிளிட் ஏசியில் ஏறக்குறைய அவ்வளவு கேஸ் இருக்கும். ஆர்-32 என்ற இன்னொரு வகை கேஸ் என்றால் பாதிப்பு மூன்றில் ஒரு பங்கு, அதுவும் கொஞ்சமல்ல.

வருடாவருடம் கேஸ் நிரப்ப வேண்டும் என்பது தவறு. மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தீர்ந்துபோகாது. குறைந்தால் கசிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பிளேர் நட் இணைப்பில், அதாவது விரித்த குழாய் வாயை நட் போட்டு இறுக்கும் இடத்தில்தான் கசியும். குழாயின் வாயைக் கோணலாக விரித்திருப்பார்கள், அல்லது இறுக்கும் விசையை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைபோன போக்கில் முறுக்கியிருப்பார்கள். சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அதைச் சரிசெய்யாமல் டாப் அப் செய்ய விடாதீர்கள்.

சரிசெய்த பிறகு நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேக்குவம் பம்ப் போட்டு, அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்பை நிறுத்திவிட்டு 10 நிமிடம் மீட்டரைக் கவனிக்க வேண்டும். அளவு ஏறிக்கொண்டே போனால் கசிவு. கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம். சிலர் பம்ப் போடாமல், கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளுவார்கள். கேஸ் வீணாவதோடு, உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரை அரிக்கும். கடைசியாக, மெஷினில் ஒட்டிய லேபிளில் உள்ள எடைக்கு, தராசு வைத்தே கேஸ் ஏற்ற வேண்டும்.

'தொழிற்சாலைகளை விட்டுவிட்டு எங்களைச் சொல்கிறீர்களே' என்று சிலர் வருவார்கள். ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையும், இந்த வகை ஏசி கேஸ்களையும் அதில் சேர்த்த 2016 கிகாலி திருத்தமும் நிறுவனங்களையும் அரசுகளையும்தான் முதலில் பிடிக்கின்றன. ஆனால் அவை கட்டுப்படுத்துவது இந்த வாயுக்களின் உற்பத்தியையும் பயன்பாட்டையும். உங்கள் சுவரில் தொங்கும் மெஷினுக்குள் ஏற்கெனவே இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கால் வைக்க இடமில்லாத விளிம்பில் அவுட்டோர் யூனிட்டை மாட்டும்படி கட்டடம் வரைகிறார்கள். உயிரைப் பிடித்துக்கொண்டு தொங்கும் மெக்கானிக் வேக்குவம் பம்பை எங்கே வைப்பார், பத்து நிமிடம் எப்படிக் காத்திருப்பார்?

ஏசியை இடம் மாற்றும்போது 'பம்ப் டவுன்' செய்யச் சொல்லுங்கள், அதாவது கேஸ் முழுவதையும் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைப்பது. கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூட வேண்டும். அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வை மூடி, உடனே மெஷினை நிறுத்த வேண்டும். தாமதித்தால் கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சி வெடிக்கும் அபாயம் உண்டு. ஏற்கெனவே கசியும் மெஷினில் இதைச் செய்யவே கூடாது. நீங்களாகவும் முயல வேண்டாம். பழைய இரும்புக்குப் போடுவதானால் பம்ப் டவுன் மட்டும் போதாது; கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இருக்கும். கேஸை உறிஞ்சி எடுக்கும் ரெக்கவரி மெஷின் வைத்து அதை சிலிண்டருக்கு மாற்றிய பிறகே குழாயை வெட்ட வேண்டும்.