சரிவில் 68 மீட்டர், புலப்படத்தில் 60

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு தேயிலைத் தோட்டம் உண்டு. பட்டாவில் ஒன்றரை ஏக்கர். வேலி போடுவதற்காகப் போன மாதம் நாடா பிடித்தோம். மேட்டிலிருந்து பள்ளம்வரை 68 மீட்டர் வந்தது. சர்வே துறையின் நில வரைபடமான புலப்படத்தில் 60 மீட்டர்தான் இருக்கிறது. சர்வேயர் தப்பாக அளந்துவிட்டாரா? பக்கத்தில் நின்ற என் மகள், "அப்படியென்றால் நாடுகளின் பரப்பளவையும் குறைத்துத்தான் சொல்கிறார்களா? நேபாளத்தை மடிப்பில்லாமல் விரித்தால் இந்தியா அளவுக்கு வருமாமே?" என்று கேட்டாள். இந்தியாவுக்கே ஒரு இடத்தில் 32,87,263 சதுர கிலோமீட்டர், இன்னொரு இடத்தில் 29,73,190 என்று போட்டிருக்கிறது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

சர்வேயர் சரியாகத்தான் அளந்திருக்கிறார். உங்கள் நாடாவும் சரிதான். இரண்டும் வேறு வேறு அளவுகள்.

சிறுவயதில் எங்கள் ஊர் மலையடிவாரத்தில் நிலம் அளந்ததைப் பார்த்திருக்கிறேன். மேட்டில் ஒருவர் சங்கிலியின் நுனியைத் தரையோடு அழுத்திப் பிடிப்பார். கீழே நிற்பவர் மறுநுனியை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, சங்கிலியை மட்டமாக்கி, அங்கிருந்து தூக்குக்குண்டை இறக்குவார். குண்டு தொடும் இடத்தில் ஒரு முளை. அங்கிருந்து அடுத்த எட்டு. படிக்கட்டு இறங்குவதைப்போல மலையை இறங்கி அளந்தார்கள். தரையோடு சங்கிலியைக் கிடத்தினால் வேலை சீக்கிரம் முடியுமே என்று அன்று எனக்குத் தோன்றியது. அந்தச் சிரமத்தின் காரணம் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. நிலத்தின் பரப்பு என்பது நேர்மேலிருந்து பார்த்தால் அது அடைக்கும் இடம். உங்கள் தோட்டத்தின் சரிவு ஏறக்குறைய 28 பாகை. அந்தச் சரிவில் 68 மீட்டர் நடந்தால் மட்டத்தில் 60 மீட்டர்தான் நகர்ந்திருப்பீர்கள்.

இந்த முறை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். மழையை எடுத்துக்கொள்ளுங்கள். மழைமானியில் ஒரு மில்லிமீட்டர் பதிவானால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. அது மட்டமான சதுர மீட்டர். சரிவில் நிலம் நீண்டு கிடப்பதால் வானம் கூடுதலாகப் பொழிவதில்லை. மரமும் சரிவுக்குச் செங்குத்தாகச் சாய்ந்து வளர்வதில்லை, நேராகத்தான் நிற்கிறது. வீடு கட்டினாலும் தளம் மட்டமாகத்தான் வேண்டும். ஆனால் வேலிக் கம்பியை 68 மீட்டருக்கே வாங்குங்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் தினமும் ஏறி இறங்குவதும் அந்த 68 மீட்டர்தான். பட்டா அதைச் சொல்லாது, கூலி பேசும்போது நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாடுகளுக்கும் இதே முறைதான். பூமியைச் சற்றே தட்டையான ஒரு வழுவழுப்பான உருண்டையாக வைத்துக்கொண்டு, எல்லைக் கோட்டைக் கடல்மட்டத்துக்கு இறக்கி, அதற்குள் அடங்கும் பரப்பைக் கணக்கிடுகிறார்கள். மலைகளின் மடிப்பு அதில் வராது.

சரி, நேபாளத்துக்கு வருவோம். அதன் பரப்பு வெகுகாலமாக 1,47,181 சதுர கிலோமீட்டர் என்று சொல்லப்பட்டது. 2020-ல் இந்தியாவோடு தகராறில் உள்ள பகுதியையும் சேர்த்துப் புதிய வரைபடம் வெளியிட்டு, 1,47,516 ஆக்கினார்கள். இந்தியா அதைப்போல 22 மடங்கு. விரித்தால் 22 மடங்காக வேண்டுமென்றால் நேபாளம் முழுக்க 87 பாகைக்கு மேல் சரிவாக இருக்க வேண்டும். அதாவது நாடே ஒரு சுவராக நிற்க வேண்டும். தெற்கே தராய் சமவெளி வயலும் வாய்க்காலுமாகத் தட்டையாகக் கிடக்கிறது. ஒரு நாடு முழுவதும் 30 பாகை சரிவு என்று வைத்தாலும் கூடுவது சுமார் 15 சதவீதம்தான்.

உங்கள் மகளின் கேள்விக்குள் இன்னும் ஆழமான ஒரு சிக்கல் இருக்கிறது. மடிப்பை விரித்து அளப்பது என்று முடிவுசெய்தால், எந்த மடிப்புவரை? மலை மட்டுமா, பாறையுமா, பாறையிலுள்ள பிளவுமா? நுணுகிப் போகப் போக எண் கூடிக்கொண்டே போகும். கடற்கரை நீளத்தில் இது நடந்தே இருக்கிறது. இந்தியாவின் கடற்கரை 7,516 கிலோமீட்டர் என்று படித்தோம். நுணுக்கமான வரைபடத்தை வைத்து மறுபடி அளந்ததில் அது 11,098 ஆகிவிட்டது. தமிழ்நாட்டுக் கரை 906-லிருந்து 1,068 கிலோமீட்டர். கடல் நகரவில்லை, முன்பு கோட்டில் விழாத வளைவுகளும் கழிமுகங்களும் இப்போது விழுந்தன. தமிழ்நாட்டின் பரப்போ 2001 மக்கள்தொகைக் கணக்கில் 1,30,058 சதுர கிலோமீட்டர், 2011-ல் 1,30,060. கரையில் ஒரு வளைவு கூடும், ஒரு வளைவு குறையும், பரப்பு பெரிதாக அசையாது. மேலிருந்து பார்த்து அளப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், இந்தியாவின் இரண்டு எண்கள். 29,73,190 என்பது ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்ப்பரப்பைக் கழித்த நிலம். 32,87,263 நீரையும் சேர்த்தது. அதிலேயே பாகிஸ்தான், சீனாவின் பிடியில் உள்ள 1,20,849 சதுர கிலோமீட்டரும் அடக்கம். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதை அடிக்குறிப்பாகச் சொல்லிவிடுகிறது, பாடநூலில் அது வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவும் இப்படித்தான். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ வெளியிட்ட உலகத் தகவல் நூலில் 1990-களின் நடுவில் அது 93,72,610 சதுர கிலோமீட்டர், சீனாவைவிடச் சிறியது. 1997-ல் 96,29,091 ஆகிச் சீனாவை முந்தியது. 2007-ல் 98 லட்சத்தைத் தாண்டியது. ஒரு பிடி மண் புதிதாகச் சேரவில்லை. முதலில் பேரேரிகள், பிறகு கரையோரக் கடல் என்று நீரைச் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

உங்கள் மகள் ஒன்று செய்து பார்க்கலாம். வால்மீனுக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி, 1690-களில் இங்கிலாந்தின் வரைபடத்தை வெட்டித் தராசில் நிறுத்துத்தான் பரப்பைக் கணக்கிட்டார். செல்போன் வரைபடத்தில் நேபாளத்தையும் தமிழ்நாட்டையும் ஒரே பெருக்கத்தில் வைத்து, கெட்டி அட்டையில் வரைந்து வெட்டச் சொல்லுங்கள். நகைக்கடைத் தராசில் நிறுத்தால், தமிழ்நாடு 10 கிராம் என்றால் நேபாளம் 11.3 கிராம் இருக்க வேண்டும். ஆனால் ஏறக்குறைய 14 கிராம் காட்டும். செல்போன் வரைபடம் மெர்கேட்டர் முறையில் வரைந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகப் போக அது நிலத்தை ஊதிக் காட்டும். நேபாளம் வட அட்சரேகை 28 பாகையில், நாம் 11 பாகையில் இருக்கிறோம். அதே வேலையை, எந்த இடத்தையும் ஊதாமல் பரப்பை உள்ளபடி காட்டும் சம பரப்பு முறையில் வரைந்த ஒரு வரைபடத்தில் செய்யச் சொல்லுங்கள். என்ன எடை வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.