ஆறு ஃபேன் ஓடியும் கேபினட் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: மதுரையில் மாடி வீடு. ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராபிக்ஸ் கார்டு போட்டு கேமிங் பிசி அசெம்பிள் செய்திருக்கிறேன். கேபினட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. முன்னால் 3, மேலே 2, பின்னால் 1 என 6 ஆர்ஜிபி (வண்ண விளக்கு) ஃபேன்கள். கேம் ஆரம்பித்த கால் மணி நேரத்தில் கிராபிக்ஸ் கார்டு 84 டிகிரிக்குப் போய்விடுகிறது. சத்தம் ஹெட்ஃபோனைத் தாண்டிக் கேட்கிறது. கடையில் லிக்விட் கூலர் போடச் சொல்கிறார்கள். போடலாமா? அறையில் இருக்கும் ஏர் கூலரைக் கேபினட் பக்கம் திருப்பி வைத்தால் உதவுமா?

பதில்: லிக்விட் கூலர் வேண்டாம். அது குளிர்விக்கப்போவது பிராசஸரை. உங்களிடம் சூடாவது கிராபிக்ஸ் கார்டு. 5600 என்பது 65 வாட் சிப். 3060 டிஐ தனியாகவே 200 வாட் இழுக்கும். லிக்விட் கூலரின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரை முன்பக்கம் மாட்டினால் பிராசஸரின் சூடும் சேர்ந்து கார்டின் மேல்தான் வீசும். காசும் போய், சூடும் கூடும்.

84 டிகிரியில் கார்டு கருகிவிடாது. அதன் உச்ச வரம்பு 93. ஆனால் 80-ஐத் தாண்டும்போதே கார்டு தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளும். ஃபேனும் அலறத் தொடங்கும்.

இதில் எவ்வளவு கேபினட்டின் குற்றம், எவ்வளவு மதுரை வெயிலின் குற்றம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். யூடியூபில் ஒருவர் இதே கார்டு 64 டிகிரியில் ஓடுவதாகக் காட்டினால், அவர் உட்கார்ந்திருப்பது 22 டிகிரி ஏசி அறையாக இருக்கலாம். அறையைவிட 42 டிகிரி கூடுதல், அவ்வளவுதான் கணக்கு. மே மாதத்து மாடி அறை 35 டிகிரி என்றால் உங்களுக்கு 77 வந்தே தீரும். எந்த ஃபேனாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ந்த காற்றைத் தர முடியாது. மிச்சமுள்ள 7 டிகிரியைத்தான் நாம் பிடிக்க வேண்டும்.

அது கேபினட்டில்தான் இருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதே கேமை அதே இடத்தில் அரை மணி நேரம் ஆடுங்கள். சூடு 2, 3 டிகிரி மட்டும் குறைந்தால் காற்றோட்டம் சரி. கார்டின் ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) தூசியோ, சிப்புக்கும் அதற்கும் நடுவே பூசிக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டோதான் காரணம். 6, 7 டிகிரி இறங்கினால் கேபினட்டுக்கு மூச்சுத் திணறுகிறது. கண்ணாடி முகப்பைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை என்றே தோன்றுகிறது. சோதனை முடிந்ததும் பக்கக் கண்ணாடியைக் கழற்றியபடியே விட்டுவிடாதீர்கள். தூசி மட்டுமல்ல, நம் ஊரில் பல்லியும் உள்ளே போகும். அது மதர்போர்டில் ஷார்ட் ஆனால் இரண்டுமே பிழைக்காது.

ஃபேன் எண்ணிக்கை ஏன் கைகொடுக்கவில்லை? கேம் ஓடும்போது கேபினட்டுக்குள் சுமார் 300 வாட் வெப்பம் உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 40 கன அடி காற்று உள்ளே நுழைந்து வெளியேறினால், அந்தக் காற்று 13 டிகிரி சூடாகும். 80 கன அடி போனால் ஆறரை. 120 ஆனால் நாலரை. முதல் இரண்டு ஃபேன்களில் கிடைக்கும் லாபம் அடுத்தடுத்த ஃபேன்களில் இல்லை. அதுவும் காற்று உள்ளே நுழைய வழி இருந்தால்தான். கண்ணாடிக்கு இருபுறமும் இருக்கும் விரல் அகல இடுக்கு வழியாக மூன்று ஃபேன்களும் காற்றை உறிஞ்சப் பார்க்கின்றன. அங்கே நான்காவதைச் சேர்த்தாலும் சத்தம்தான் மிஞ்சும்.

ஆகவே முதல் வேலை, முன் கண்ணாடியைக் கழற்றுவது. பல மாடல்களில் அது கிளிப்பிலோ நாலு ஸ்க்ரூவிலோ நிற்கும். அந்த இடத்தில் காந்தம் வைத்த மெஷ் ஃபில்டர் ஒட்டுங்கள். கொசுவலையை இரண்டாக மடித்து ஒட்டினால் பழைய கதைதான். கழற்ற வழியில்லையென்றால், லிக்விட் கூலருக்கு ஒதுக்கிய பணத்தில் மெஷ் முகப்புள்ள கேபினட்டாக மாற்றிவிடுங்கள்.

அடுத்து, மேலே இருக்கும் இரண்டில் முன்புற ஃபேனை எடுத்துவிடுங்கள். முன்னாலிருந்து வரும் புதுக்காற்று பிராசஸரை எட்டும் முன்பே அது உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். கீழே ஃபேன் மாட்ட இடமிருந்தால் அங்கே காற்றை உள்ளிழுக்கும்படி வையுங்கள். கார்டுக்கு நேரடியாகக் கிடைக்கும். எந்த ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இறக்கைகள் தலைகீழாக உள்ள ஆர்ஜிபி ஃபேன்களும் வருகின்றன. ஊதுபத்தியை வெளியே பக்கத்தில் பிடித்தால் புகை சொல்லிவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று: மதர்போர்டு பெரும்பாலும் பிராசஸரின் சூட்டைப் பார்த்துத்தான் கேபினட் ஃபேன்களை ஓட்டும். கேமில் பிராசஸர் 60-இல் சாவகாசமாக இருக்க, கார்டு 84-இல் வெந்துகொண்டிருக்கும். ஃபேன்களுக்கு அது தெரியவே தெரியாது. ‘ஃபேன் கண்ட்ரோல்’ என்ற இலவச மென்பொருளில் முன் ஃபேன்களைக் கார்டின் சூட்டோடு இணைத்துவிடலாம். ஃபேன் ஒயர் பவர் சப்ளையிலிருந்து வரும் மோலெக்ஸ் இணைப்பில் நேரடியாகச் சொருகியிருந்தால் இது நடக்காது. மதர்போர்டில் சொருக வேண்டும்.

பிறகு, சூட்டை உண்டாகும் இடத்திலேயே குறையுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 85 சதவீதத்துக்கு இறக்கினால் 30 வாட் மிச்சம். கேமில் குறைவது சில ஃபிரேம்கள்தான். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 படம் காட்டுவது என்றால், ஃபிரேமையும் 144-இல் கட்டிவிடுங்கள். மெனு திரையில் 300 ஃபிரேம் ஓடி யாருக்கு என்ன பயன்? இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் டேபிளின் அடித்தட்டுக்குள் கேபினட் இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள்.

ஏர் கூலரைக் கேபினட் பக்கம் திருப்பாதீர்கள். ஈரக்காற்றில் தூசி ஹீட்சிங்கில் அப்பிக்கொள்ளும். சில சமயம் நீர்த்துளியும் தெறிக்கும். ஜன்னலோரம் வைத்து, எதிரே கதவைத் திறந்துவிடுங்கள். அறையும் சில டிகிரி இறங்கும், பிசி வெளியே தள்ளும் 300 வாட் வெப்பமும் அறையில் தேங்காமல் போய்விடும்.