உங்கள் வீட்டில் எந்த சிம்முக்கு டவர் கிடைக்கும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்த சிம் நல்லது? நான் பல வருடமாக டிரைவ் டெஸ்ட் வேலை பார்க்கிறேன், அதாவது காரில் நாலைந்து ஃபோனை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் சிக்னல் அளக்கிற வேலை. ஒரே தெருவின் மேலக்கோடியில் ஜோராக எடுக்கிற சிம் கீழக்கோடியில் தடுமாறுவதைத் தினமும் பார்க்கிறேன். அதனால் கம்பெனி பெயரை மட்டும் சொல்லி யாருக்கும் பதில் தர மாட்டேன்.

கோவையில் புது வீடு கட்டி வந்திருக்கிறோம். மொட்டை மாடியில் ஃபுல் சிக்னல், ஹாலில் பேசவே முடியவில்லை. சிம்மை மாற்றினால் சரியாகுமா?

ஆகலாம், ஆனால் அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள். திரையில் தெரிகிற கோடுகளை நம்ப வேண்டாம், ஒவ்வொரு ஃபோன் கம்பெனியும் அதை ஒவ்வொரு மாதிரி காட்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரென்த் என்று மைனஸில் ஒரு எண் இருக்கும். 4ஜியில் மைனஸ் 85, 90 என்றால் நிம்மதி. மைனஸ் 105 தாண்டினால் தொல்லை ஆரம்பம், 115 தாண்டினால் பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும். ஹால், படுக்கையறை, சமையலறை மூன்றிலும் எழுதி வையுங்கள். அப்புறம் சொந்தக்காரர்கள் யாராவது வரும்போது அவர்களுடைய சிம்மை வாங்கி உங்கள் ஃபோனிலேயே போட்டு, அதே இடங்களில் நின்று பாருங்கள். ஃபோன் மாறினால் கணக்கும் மாறிவிடும்.

காங்கிரீட்டைத் தாண்டி உள்ளே வருவதில் 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் கெட்டி. 2300, 3500 எல்லாம் வேகம் தரும், ஆனால் சுவரிலேயே பாதி செத்துவிடும். எனவே மாடியில் வேகமாக இருக்கிற சிம்தான் ஹாலிலும் வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறதா? அப்படியானால் ஃபோனில் வைஃபை காலிங்கை, அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசுகிற வசதியை, ஆன் செய்து பாருங்கள், பலருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது, சிம் மாற்றவே தேவையில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், சிக்னலைக் கூட்டும் என்று ஆன்லைனில் விற்கிற பூஸ்டர் கருவியை வாங்கி மாட்டாதீர்கள். அனுமதி இல்லாமல் மாட்டுவது சட்டப்படி குற்றம், அதைவிட, அக்கம்பக்கத்தார் எல்லோருடைய சிக்னலையும் அது கெடுக்கும். திருப்பூரில் ஒரு தெருவில் காலை பத்து மணியானால் ஃபோன் கால் போகாது, ராத்திரி ஒன்பதுக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். இரண்டு நாள் அலைந்து கடைசியில் ஒரு துணிக்கடை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கயிற்றால் கட்டி வைத்த ஒரு ஆண்டெனாவைக் கண்டுபிடித்தோம். கடை திறந்திருக்கிற நேரம் முழுக்க அது அந்தத் தெருவையே ஊமையாக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாராவது அவசரத்துக்கு 108க்கு அடிக்க முடியாமல் போனால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

வால்பாறை பக்கம் எஸ்டேட் குடியிருப்புக்கு மாற்றலாகிப் போகிறேன். இரண்டு சிம் வைத்துக்கொண்டால் போதுமா?

எந்த இரண்டு என்பதுதான் விஷயம். பல இடங்களில் இரண்டு மூன்று கம்பெனிகள் ஒரே கோபுரத்தில்தான் ஆண்டெனா மாட்டியிருக்கும். மழையில் கரண்ட் போய் அங்கே பேட்டரியும் இறங்கினால் உங்கள் இரண்டு சிம்மும் சேர்ந்து படுக்கும். அங்கேயே குடியிருப்பவர்களிடம் 'எது நல்லா எடுக்கும்' என்று கேட்பதோடு விடாமல், 'கரண்ட் போனால் எது கடைசி வரை நிற்கும்' என்றும் கேளுங்கள். டீக்கடைக்காரரும் பஸ் டிரைவரும் சரியாகச் சொல்வார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் போட்டிருக்க வேண்டும், அதையும் பாருங்கள். ஆனால் மலைச்சரிவில் ஒரு வளைவு திரும்பினாலே சிக்னல் மறைந்துவிடும் என்பதால், வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

பி.எஸ்.என்.எல். 4ஜி வந்துவிட்டது என்கிறார்கள், என் ஃபோனில் காட்டவில்லையே?

2025 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிவைத்தார்கள், உண்மைதான். முதலில் உங்கள் சிம் பழைய 2ஜி, 3ஜி சிம்மா என்று பாருங்கள், அப்படியானால் 4ஜி சிம்மாக மாற்ற வேண்டும். அடுத்தது ஃபோன். அவர்களுடைய 4ஜி 700, 2100 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பழைய ஃபோன்கள் பலவற்றில் 700க்கான பேண்ட் 28 கிடையாது. ஊர்ப்புறத்தில் தூரம் வருவது அந்த 700தான், அது இல்லாத ஃபோனை வைத்துக்கொண்டு கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

தனுஷ்கோடிக்குப் போனால் இலங்கை நெட்வொர்க் வந்துவிடுகிறது. காசு பிடிப்பார்களா?

தலைமன்னார் கடல் வழியே சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுவில் மறைக்க மரமோ கட்டடமோ இல்லை, அலை நேராக வந்துவிடும். சர்வதேச ரோமிங் ஆன் செய்திருந்தால் காசு போகும், குறிப்பாக போஸ்ட்பெய்டில். ராமேஸ்வரத்தில் இருக்கும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்து உங்கள் கம்பெனியையே கையால் தேர்ந்தெடுங்கள். திரும்பி வந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றுங்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது, சிக்னல் மட்டும் ஃபுல்.

கூட்டம். ஒரே டவரில் எல்லோரும் ஒரே நேரத்தில். வேறு சிம்மைச் சோதிப்பதானால் அதே எட்டு மணிக்குச் சோதியுங்கள், காலை பதினொன்றுக்கு எல்லா சிம்மும் வேகமாகத்தான் தெரியும்.

கிராமத்தில் தனியாக இருக்கிற அம்மாவின் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற நினைக்கிறேன். நடுவில் நம்பர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நம்பர் போகாது. இப்போதிருக்கிற கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் முக்கியமான நிபந்தனை. அம்மாவின் ஃபோனிலிருந்தே ஆங்கிலத்தில் போர்ட் (PORT) என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, அம்மாவின் நம்பரைப் போட்டு 1900க்கு மெசேஜ் அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நாலு நாள்தான் செல்லும், அதற்குள் அம்மாவை அழைத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுங்கள். பழைய சிம்மில் மிச்சம் இருக்கிற பேலன்ஸ் வராது. மாறுகிற அன்று சில மணி நேரம் ஃபோன் செத்திருக்கும், அன்று பேங்க் ஓ.டி.பி. வேலை எதுவும் வைக்காதீர்கள், பக்கத்து வீட்டு நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் முன்னால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது புது கம்பெனி சிம் ஒன்றைக் கொண்டுபோய், அம்மா ராத்திரி படுக்கிற கட்டில் ஓரத்தில் ஃபோனை வைத்துப் பேசிப் பாருங்கள். அங்கே எடுத்தால் மாற்றுங்கள்.