மிஸ்ஸியிட்டக் கேளுங்கோ: பிள்ளையளின்ர காய்ச்சல், சாப்பாடு, பல்லு, தண்ணி

எல்லாருக்கும் வணக்கம். வன்னியில கனகாலம் குடும்பநல மாதுவா (சனம் மிஸ்ஸி எண்டுதான் கூப்பிடும்) வீடு வீடாப் போய் வேலை செய்தனான், அதால எனக்குத் தெரிஞ்சதை எழுதுறன். மாரி தொடங்கினதால காய்ச்சல் கேள்விதான் கூட வந்திருக்கு. எழுத்தில பிள்ளையைத் தொட்டுப் பாக்க ஏலாது, அவசரமெண்டா என்ர பதிலைப் பாத்துக்கொண்டிராமல் 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை.

மல்லாவியில இருந்து ஒரு அம்மா: மிஸ்ஸி, மகனுக்கு 4 வயசு. மூண்டு நாளா நல்ல காய்ச்சல், இண்டைக்குக் காலம விட்டிட்டுது. ஆனா படுத்தபடியே கிடக்கிறான், வயித்துக்குள்ள நோகுதாம். காய்ச்சல் விட்டதுதானே, நாளைக்குப் பாப்பமோ?

நாளைக்கு வேண்டாம் தங்கச்சி, இதை வாசிச்ச உடன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. டெங்கு எண்டா காய்ச்சல் விடுற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம், அப்பதான் இரத்தக் குழாயில இருந்து நீர் வெளியில கசியத் தொடங்கும், அந்த ஒண்டு ரெண்டு நாளும் டொக்டர்மார் பக்கத்தில நிண்டு பாக்க வேண்டிய நாள். சாதாரண காய்ச்சல் விட்ட பிள்ளை என்ன செய்யும்? எழும்பி இருக்கும், பசிக்குது எண்டும், போன் கேக்கும். காய்ச்சலும் இல்லை பிள்ளையும் சோர்ந்து கிடக்குது, வயித்துக்குத்து, சத்தி, கை கால் குளிருது, ஆறு மணித்தியாலமா மூத்திரம் போகேல்ல, இதில ஒண்டு இருந்தாலும் பின்னேரம் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கக் கூடாது. போகேக்க எத்தினை மணிக்கு என்ன குடிச்சவன், எத்தினை தரம் மூத்திரம் போனவன் எண்டு ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்கோ, டொக்டருக்கு அது பெரிய உதவி. சிவப்பு, கபில நிறக் குடிவகை குடுக்க வேண்டாம், சத்தி எடுத்தா இரத்தமோ நிறமோ எண்டு தெரியாமப் போகும். மற்ற அம்மாமாருக்கும் சொல்லுறன், காய்ச்சல் மூண்டாம் நாளாகியும் நிண்டா எப்.பி.சி எண்ட, இரத்த அணுக்களை எண்ணிப் பாக்கிற பரிசோதனை செய்ய வேணும்.

பூநகரி, ஒரு அப்பா: பனடோல் சிரப் எவ்வளவு குடுக்கிறது? பாமசியில வயசைக் கேட்டுத்தான் சொல்லீனம்.

வயசை விட நிறைதான் முக்கியம் தம்பி. ஒருதரத்துக்கு, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரைக்கும் குடுக்கலாம். போத்தலில 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் எண்டு போட்டிருந்தா, 10 கிலோ பிள்ளைக்கு 6 மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளில நாலு தரத்துக்கு மேல வேண்டாம். வீட்டுக் கரண்டி ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவு, ஊசியில்லாத சிறிஞ்சால அளந்து குடுங்கோ. டெங்குக் காலத்தில புரூபன் (இபுபுரோபன்), அஸ்பிரின், காய்ச்சலுக்குப் பின்பக்கத்தால வைக்கிற மருந்து ஒண்டும் நீங்களா வாங்கிக் குடுக்கவே வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். மூண்டு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்குக் காய்ச்சலெண்டா மருந்தே தேடாதேங்கோ, நேரா ஆஸ்பத்திரிதான்.

துணுக்காய்: காய்ச்சலோட மகளுக்கு வலிப்பு வந்தது, மாமி கையில இரும்புத் திறப்பு குடுத்தவ. சரியோ?

இரும்பால ஒண்டும் நடக்காது, ரெண்டு மூண்டு நிமிசத்தில அது தானாவே நிக்கிறதால திறப்புக்குப் பேர் வந்திட்டுது. பிள்ளையை ஒரு பக்கமாச் சரிச்சுக் கிடத்துங்கோ, வாய்க்குள்ள விரலோ கரண்டியோ தண்ணியோ வேண்டாம், நேரத்தைப் பாருங்கோ. அஞ்சு நிமிசம் தாண்டினா உடன அம்புலன்ஸ். நிண்டாலும் முதல்தரம் எண்டா கட்டாயம் காட்ட வேணும்.

செட்டிகுளம், அம்மா: மகளுக்கு 8 வயசு, முன்பல்லில வெள்ளைக் கோடும் கபிலப் புள்ளியும். நல்லாத்தான் தீட்டுறாள், பள்ளிக்கூடத்தில சிரிக்க வெக்கப்படுறாள். சின்னவனுக்கு 1 வயசு.

இது அவள் தீட்டாத குறையில்லை அம்மா, முதல்ல அவளுக்கு அதைச் சொல்லுங்கோ. வவுனியாப் பக்கம் கன இடங்களில கிணத்துத் தண்ணியில புளோரைட் எண்ட உப்பு அளவுக்கு மிஞ்சி இருக்கு, அதுதான் பல்லில இப்பிடி அடையாளம் விடும். முன்பல்லு ஆறேழு வயசில வெளியில வந்தாலும், முரசுக்குள்ள அது உருவாகிறது கைக்குழந்தையா இருக்கேக்கதான். அப்ப குடிச்ச தண்ணியின்ர அடையாளம் இப்ப தெரியுது. உப்பு, கரி, செங்கல்தூள் போட்டுத் தேய்ச்சா பல்லுத்தான் தேயும், அடையாளம் போகாது. பல்லு டொக்டரிட்டக் காட்டுங்கோ, மேல பூசி மறைக்க வழியிருக்கு. இனி முக்கியமான விசயம் சின்னவன், அவனுக்கு 1 வயசெண்டு எழுதியிருக்கிறியள். தண்ணியைக் கொதிக்க வைச்சா கிருமி சாகும், புளோரைட் போகாது, வத்த வத்த இன்னும் கூடும். புளோரைட்டையும் வடிக்கிற ஆர்.ஓ பில்டர் தண்ணி எடுக்க ஏலுமெண்டா அவன் குடிக்கிறதுக்கும் அவன்ர சாப்பாட்டுக்கும் அதைப் பாவியுங்கோ, ஓடு போட்ட கூரையெண்டா முதல் மழையை விட்டிட்டு மழைத்தண்ணியும் பிடிக்கலாம், ஆனா அதைக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்க வேணும். பி.எச்.ஐயிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லிக் கிணத்துத் தண்ணியைப் பரிசோதிக்கக் கேளுங்கோ. உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், எங்கட மாதிரி வெயில் இடத்தில தண்ணி கூடக் குடிக்கிறதால அதிலயும் குறைவா இருந்தாத்தான் நல்லது. பற்பசை அவனுக்கு ஒரு அரிசியளவு காணும்.

ஒட்டுசுட்டான்: ரெண்டரை வயசு, சாப்பிடுறானே இல்லை, கிளினிக்கில நிறை கூடேல்ல எண்டு ஏசினம்.

ஏசினது பிழை, ஆனா நிறை கூடாததை விடக் கூடாது. கிளினிக் கொப்பியில நிறைக் கோடு ரெண்டு மூண்டு மாசமா தட்டையாப் போகுதெண்டா காரணம் தேட வேணும். அவன்ர ஒரு நாளை அப்பிடியே எழுதிப் பாருங்கோ. காலம தேத்தண்ணியும் பிஸ்கற்றும், பத்து மணிக்கு மிக்ஸர் பைக்கற், மத்தியானம் பசியில்லை. கன வீட்டில நான் கண்டது இதுதான். தேத்தண்ணி வயித்தையும் நிரப்பி, சாப்பாட்டில இருக்கிற இரும்புச் சத்தையும் உடம்பில சேர விடாது, அதைச் சின்னப் பிள்ளைக்கு நிப்பாட்டுங்கோ. காசு செலவழிச்சு ரின் மா வாங்கத் தேவையில்லை, குழைச்ச சோத்தில பருப்பும் முருங்கையிலையும் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயும், இடைக்கு முட்டை, நெத்தலி, அரைச்ச கச்சான் போட்ட கஞ்சி. முழுக் கச்சான் குடுக்காதேங்கோ, புரைக்கேறும். கிளினிக்கில குடுக்கிற திரிபோஷா சத்துமா கிடைச்சா அது அவன்ர பங்கு, வீட்டில எல்லாருக்கும் பிரிச்சா அவனுக்குக் காணாது. வீட்டில சமைக்கவே கஷ்டமெண்டா வெக்கப்படாமல் உங்கட மிஸ்ஸியிட்டச் சொல்லுங்கோ, அது உங்கட குறையில்லை. வயித்துப் பூச்சிக்கான மருந்து ஆறு மாசத்துக்கொருக்கா குடுத்தனீங்களோ எண்டும் பாருங்கோ.

கண்டாவளை, அம்மம்மா: வெள்ளத்துக்குப் பிறகு பேத்திக்கு வயித்தோட்டம், குடுக்கிற ஜீவனியை (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற உப்பு-சீனிப் பைக்கற்) எல்லாம் சத்தி எடுக்கிறாள்.

கப்போட குடுத்தா சத்திதான் வரும் அம்மா. ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணியில கரைச்சு, ஒரு தேக்கரண்டி, ரெண்டு நிமிசம் விட்டு இன்னொண்டு, அப்பிடியே பொறுமையா. சத்தி எடுத்தா பத்து நிமிசம் விட்டுத் திரும்பத் தொடங்குங்கோ. தாய்ப்பாலும் சாப்பாடும் நிப்பாட்ட வேண்டாம். கண் குழிஞ்சு, அழேக்க கண்ணீர் இல்லாமல், குடிக்கவும் ஏலாமல் போனா, மலத்தில இரத்தம் கண்டா உடன கொண்டு போங்கோ. வெள்ளம் ஏறின கிணத்தை இறைச்சுக் குளோரின் போடாமல் பாவிக்க வேண்டாம்.

முள்ளியவளை: 20 நாள் குழந்தை, வசம்பும் சீனித்தண்ணியும் குடுக்கச் சொல்லீனம்.

ரெண்டும் வேண்டாம். ஆறு மாசம் முடியுமட்டும் தாய்ப்பால் மட்டும், தண்ணிகூட இல்லை.

பரந்தன், ஒரு அப்பா: ரெண்டு வயசாகுது, இன்னும் "அம்மா" எண்டும் சொல்லேல்ல. போன் இருந்தா அமைதியா இருப்பான்.

ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும் எண்டு இருந்திடாதேங்கோ தம்பி. ரெண்டு வயசில ரெண்டு சொல்லுச் சேர்த்துக் கதைக்க வேணும். முதல் காது கேக்குதோ எண்டு பரிசோதிக்க வேணும். பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்புறானோ, வேணுமெண்டதை விரலால காட்டுறானோ, உங்கட முகத்தைப் பாக்கிறானோ எண்டு கவனிச்சு, இந்தக் கிழமையே கிளினிக்கில சொல்லிப் பிள்ளை டொக்டரிட்டப் போகத் துண்டு எடுங்கோ. போனை நிப்பாட்டினா முதல் கொஞ்ச நாள் அழுவான், அந்த நேரத்துக்கு உங்களோட வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கோழியையும் மாட்டையும் காட்டிக் கதைச்சுக்கொண்டிருங்கோ, பதில் வராட்டிலும் கதையுங்கோ. கிளினிக்கில என்ன சொன்னவை எண்டு எனக்கு எழுதுங்கோ.